வேவுக்குப் போன பெட்டிப் பட்டம்

தரையில் நிற்கும்போது அதன் இறக்கை மடல்கள் நான்கும் ஆட்டுக் காது போலத் தொங்கிக் கிடக்கும். மேல் இறக்கையின் இரு முனைகளில் இரண்டு, கீழ் இறக்கையின் இரு முனைகளில் இரண்டு. பழைய புகைப்படத்தில் முதன்முதலாகப் பார்க்கிறவருக்கு ஏதோ கம்பி அறுந்துவிட்டது என்றுதான் தோன்றும். எதுவும் அறுந்திருக்காது. ஓட்டுநரின் கைப்பிடியிலிருந்து போகும் கம்பிக்கு மடலைக் கீழே இழுக்கும் வேலை மட்டும்தான் உண்டு. மேலே தூக்குவதற்குக் கம்பியே கிடையாது. விமானம் ஓடத் தொடங்கிக் காற்று வேகம் பிடித்ததும் நான்கு மடல்களும் தாமாக எழும்பி இறக்கையோடு சமமாகப் படுத்துக்கொள்ளும். அதன் பிறகுதான் கைப்பிடிக்கு உயிர் வரும். வலப்பக்கம் சாய வேண்டுமானால் இடப்பக்க மடல்களைக் கீழே இழுக்கலாம். விட்டால், அவற்றைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய் வைப்பது காற்றின் பொறுப்பு. பாதி வேலையை மனிதனுக்கும் பாதி வேலையைக் காற்றுக்கும் பிரித்துக் கொடுத்த அமைப்பு இது. பின்னாளில் ஒரு மடல் இறங்கினால் எதிர்ப்பக்க மடல் ஏறும்படி இரண்டையும் கம்பியால் பிணைத்தார்கள். பறப்பதற்கு அது நல்ல மாற்றம்தான். ஆனால் காற்றின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்த விமானங்கள் அத்தோடு போய்விட்டன.

இந்த விமானத்தின் பெயர் பிரிஸ்டல் பாக்ஸ்கைட், அதாவது பெட்டிப் பட்டம். 1890களில் ஆஸ்திரேலியாவில் லாரன்ஸ் ஹார்கிரேவ் என்பவர் செய்த பெட்டி வடிவப் பட்டங்களின் வழியில் வந்த உருவம் என்பதால் மக்கள் வைத்த பெயர் அது. 1910 ஜூலை 30 அன்று இங்கிலாந்தின் லார்க்ஹில் மைதானத்தில் முதலில் பறந்தது. இந்திய மண்ணில் இராணுவ வேவுக்கு முதலில் எழும்பிய விமானமும் இதே வகைதான். 1911 ஜனவரியில், தக்காணத்தில், ஔரங்காபாத்துக்குப் பக்கத்தில் அது நடந்தது. அந்தப் பறப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த விமானம் எப்படிச் செய்யப்பட்டிருந்தது என்று பொறுமையாகப் பார்த்தால், அது ஏன் வேவுக்குப் பொருந்தியது என்பது உறுப்பு உறுப்பாகப் புரியும். என் ஆசை அந்தப் பொறுமையான பார்வைதான்.

நான் இதை எழுதுவது நெய்வேலியிலிருந்து. எங்கள் ஊரில் இயந்திரம் என்றால் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர். சுரங்கத்தில் மேல்மண்ணையும் நிலக்கரியையும் சக்கரத்தில் கோத்த வாளிகளால் வழித்தெடுக்கும் ஜெர்மானிய இரும்பு மலை. பெரியவை ஆயிரம் டன்னைத் தாண்டும். அவற்றைப் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு, இரண்டு ஆட்களையும் பெட்ரோலையும் சேர்த்து ஏறத்தாழ 475 கிலோ மட்டுமே இருந்த ஒரு பொறி பெரிய வியப்பு. இரும்பில் பழகியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: சந்தேகம் வந்தால் தகட்டை இன்னும் கொஞ்சம் தடிமனாக்கிவிடுவோம். பாக்ஸ்கைட்டைச் செய்தவர்களுக்கு அந்த வழியே கிடையாது. சந்தேகம் வந்தால் அவர்கள் ஒரு கம்பியைக் கூடுதலாகக் கட்டினார்கள். கம்பிக்கு எடை குறைவு.

மூலக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரிஸ்டல் நகரத்தில் டிராம் வண்டிகள் ஓட்டிய தொழிலதிபர் சர் ஜார்ஜ் வைட் 1910இல் விமான நிறுவனம் தொடங்கினார். பில்டன் என்ற இடத்தில் டிராம் வண்டி நிறுத்தும் கொட்டகைகளே தொழிற்சாலை ஆயின. முதலில் பிரான்சின் ஸோடியாக் என்ற விமானத்தை உரிமம் வாங்கிச் செய்து பார்த்தார்கள். அது சரியாகப் பறக்கவில்லை. உடனே ஜார்ஜ் சாலஞ்சர் என்ற பொறியாளர், அப்போது பெயர்பெற்றிருந்த ஹென்றி ஃபார்மனின் விமானத்தைப் பின்பற்றி வரைபடம் போட்டார். நகல் எடுத்துவிட்டார்கள் என்று ஃபார்மன் வழக்குத் தொடுக்கக் கிளம்பினார். உலோகப் பொருத்துகள் முதலியவற்றில் நாங்கள் மேம்படுத்தியிருக்கிறோம் என்று பிரிஸ்டல்காரர்கள் சொன்னார்கள், வழக்கு நின்றது. அந்தப் பதில் சாக்குப்போக்கு இல்லை என்பது என் எண்ணம். இறக்கைகளுக்கு நடுவே நிற்கும் மரக்கால்கள் மேலும் கீழும் உட்காரும் உலோகக் குழிகளைப் பாருங்கள். மரம், இழுகம்பி, இறக்கைச் சட்டம் மூன்றும் வந்து கூடும் இடம் அது. அங்கே தவறு செய்தால் விமானமே இல்லை.

மரம் பெரும்பாலும் ஸ்ப்ரூஸ். எடைக்கு உறுதி அதிகம் தரும் ஊசியிலை மரம். அடிபடும் இடங்களில், தரையைத் தொடும் சறுக்குக் கட்டைகள் போன்றவற்றில், வளைந்து கொடுக்கும் ஆஷ் மரம். இறக்கையின் விரிவு 10.5 மீட்டர், விமானத்தின் நீளம் 11.7 மீட்டர். உடம்பு என்று நாம் இன்று சொல்லும் பகுதியே இதில் இல்லை. முன்னால் இரண்டு மரக்கைகள் நீட்டி ஓர் உயர்த்தும் பலகை. நடுவில் இரண்டடுக்கு இறக்கை. பின்னால் நான்கு மரக்கம்புகள் நீண்டு போய் வாலைத் தாங்குகின்றன. வாலிலும் இரண்டு அடுக்கு. எல்லாவற்றையும் குறுக்கும் நெடுக்குமாக இழுகம்பிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு கம்பியிலும் டர்ன்பக்கிள். திருகினால் கம்பி இறுகும். கம்பிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று சோதிக்க, இறக்கைகளுக்கு நடுவே ஒரு பறவையை விட்டுப் பார்ப்பார்களாம். அது தப்பி வெளியே வந்துவிட்டால் ஒரு கம்பி குறைகிறது என்று பொருள். அந்தக் காலத்துப் பட்டறைகளில் வழங்கிய கதை இது. கதைக்குள் தொழில் நுணுக்கம் இருக்கிறது. ஒரு கம்பி கூடுதலாக இறுகினால் அதன் எதிர்க்கம்பி தொய்யும், இறக்கை முறுகும், விமானம் எப்போதும் ஒரு பக்கமாக இழுக்கும். பிட்டர் வேலை தெரிந்தவர்களுக்கு இது புரியும்: நூறு இடங்களில் சமன் செய்தால்தான் ஓர் இடத்தில் நேராக நிற்கும்.

இன்ஜினைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. பிரான்சில் செகான் சகோதரர்கள் உருவாக்கிய க்னோம். ஏழு சிலிண்டர், 50 குதிரைத் திறன், எடை சுமார் 75 கிலோ. நட்சத்திரம் போல விரிந்த அந்த ஏழு சிலிண்டர்களும் விசிறியோடு சேர்ந்து சுழலும். நடுவில் உள்ள கிராங்க் தண்டு சட்டத்தோடு அசையாமல் நிற்கும். வழக்கமான இன்ஜினில் எது சுழலுமோ அது நிற்கிறது, எது நிற்குமோ அது சுழல்கிறது. இப்படித் தலைகீழாக்கியதில் கிடைத்த லாபம் பெரியது. சிலிண்டரே காற்றில் சுழல்வதால் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும். தண்ணீர்த் தொட்டி, ரேடியேட்டர், குழாய் எதுவும் வேண்டாம். சுழலும் உடம்பே கனச் சக்கரம் என்பதால் தனியாக ஒரு பிளைவீல் வேண்டாம். ஒவ்வொரு சிலிண்டரும் கெட்டியான நிக்கல் எஃகுக் கட்டியிலிருந்து கடைந்தெடுக்கப்பட்டது. லேத்தில் சுற்றிச் சுற்றி உலோகத்தைச் சீவித் தள்ளிக் கடைசியில் மிச்சம் வைத்த சுவரின் தடிமன் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். அதற்கு வெளியே மெல்லிய குளிர்விக்கும் வரிகள். வார்ப்பில் ஊற்றாமல் கட்டியிலிருந்து கடைவது செலவு பிடித்த முறை. கட்டியின் பெரும்பகுதி சீவலாகத் தரையில் கிடக்கும். அந்தச் சீவல்தான் விமானத்தை மேலே தூக்கிய லாபம். லேத்துக்கு முன்னால் நின்றவர்கள் யாரும் அந்த ஒன்றரை மில்லிமீட்டரைச் சாதாரணமாகக் கடந்துபோக மாட்டார்கள்.

பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவி, உள்ளீடற்ற கிராங்க் தண்டின் வழியே நடுப்பெட்டிக்குள் வந்து, பிஸ்டனின் தலையிலேயே வைத்த வால்வு வழியாக மேலே போகும். ஆகவே மசகெண்ணெய் பெட்ரோலோடு ஒரே பெட்டிக்குள் இருந்தாக வேண்டும். சாதாரண இயந்திர எண்ணெயைப் பெட்ரோல் கரைத்துவிடும். கரையாமல் நின்ற எண்ணெய் விளக்கெண்ணெய். நிலக்கடலை வயல் வரப்பில் நம் பக்கத்தில் நடும் ஆமணக்கின் கொட்டமுத்திலிருந்து எடுக்கும் அதே எண்ணெய்தான். பயன்பட்ட எண்ணெய் திரும்ப வராது. எரிந்தும் எரியாமலும் புகையோடு வெளியே தெறித்துவிடும். மூக்கில் இன்ஜின் வைத்த விமானங்களில் ஓட்டுநரின் முகத்திலும் கண்ணாடியிலும் அது படியும். பாக்ஸ்கைட்டில் இன்ஜின் ஆட்களுக்குப் பின்னால் இருந்தது. எண்ணெய் வாலை நோக்கித் தெறித்தது. முன்னால் இருந்த கண்கள் தப்பின.

இங்கேதான் இந்த விமானத்தின் வேவுத் தகுதி தொடங்குகிறது. பார்வைக்கு முன்னால் இன்ஜின் இல்லை, விசிறி இல்லை, எண்ணெய் இல்லை, புகை இல்லை. ஓட்டுநர் கீழ் இறக்கையின் முன்விளிம்பில், கால்களை வெளியே நீட்டி உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால், சற்று உயரத்தில், இரண்டாமவர். ஓட்டுநரின் இருபுறமும் தன் கால்களைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். பயிற்சிப் பள்ளிகளில் மாணவர் இப்படிப் பின்னால் உட்கார்ந்து, ஆசிரியரின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கைப்பிடியின் அசைவைத் தொட்டுப் பழகுவார். இருவருக்கும் சுவர் கிடையாது, கண்ணாடி கிடையாது, அளவு காட்டும் கருவிகள் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. ஓட்டுநர் முன்னால் நீண்டிருக்கும் உயர்த்தும் பலகையைத் தொடுவானக் கோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தே மூக்கு ஏறுகிறதா இறங்குகிறதா என்று அறிவார். ஒரே பலகை ஒரே நேரத்தில் விமானத்தை ஏற்றி இறக்கும் உறுப்பாகவும் அளவுகோலாகவும் இருந்தது. இப்படி ஓர் உறுப்பை இரண்டு வேலைக்குப் பயன்படுத்தும்போது எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி வரும்.

இந்த வசதியை இராணுவத்தார் சீக்கிரமே கண்டுகொண்டார்கள் என்று சொல்ல முடியாது. 1910 செப்டம்பரில், சாலிஸ்பரி சமவெளியில் நடந்த பிரிட்டிஷ் போர்ப் பயிற்சியில் கேப்டன் பெர்ட்ரம் டிக்சன் ஒரு பாக்ஸ்கைட்டில் பறந்து எதிர்த்தரப்பைப் பார்த்து வந்தார். அதே மாதம் நாடக நடிகர் ராபர்ட் லொரெய்ன் இன்னொரு பாக்ஸ்கைட்டிலிருந்து தரைக்குக் கம்பியில்லாத் தந்திக் குறிகளை அனுப்பினார். இருந்தும் குதிரைப்படைத் தளபதிகள் பலருக்கு, வேவு என்றால் குதிரைதான். அவர்களை ஒப்புக்கொள்ள வைக்கும் பொறுப்பு விமானம் விற்கிறவர்கள் மேல் விழுந்தது. பிரிஸ்டல் நிறுவனம் ஒரு குழுவை ஆஸ்திரேலியாவுக்கும் இன்னொரு குழுவை இந்தியாவுக்கும் கப்பலேற்றியது.

இந்தியாவில் விமானம் அதற்கு முன்பே எழும்பியிருந்தது, அதுவும் நம் சென்னையில். மவுண்ட் ரோட்டில் விடுதி நடத்திய ஜாக்கோமோ டி'ஏஞ்சலிஸ் என்ற கார்சிகா தீவுக்காரர், தாமே வடிவமைத்த இரட்டை இறக்கை விமானத்தைச் சிம்சன் நிறுவனத்தாரிடம் செய்யச் சொல்லி, 1910இல் பல்லாவரத்தில் பறந்து பார்த்தார்; பிறகு தீவுத்திடலில் மக்கள் முன்னிலையிலும் பறந்து காட்டினார். சிம்சன் அப்போது குதிரை வண்டிகளுக்கும் மோட்டார் வண்டிகளுக்கும் பெயர்பெற்ற பட்டறை. பில்டனில் டிராம் கொட்டகை, சென்னையில் கோச்சு வண்டிப் பட்டறை. விமானத்துக்கு முதலில் தேவைப்பட்ட கைகள் மரத்தை வளைக்கவும் இழைக்கவும் இரும்புப் பூண் இறுக்கவும் தெரிந்த கைகள்தான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். டி'ஏஞ்சலிஸின் விமானத்தில் இராணுவ நோக்கம் எதுவும் இல்லை. அது ஒரு மனிதரின் ஆசை. ஆனால் சென்னைப் பட்டறை அந்த நுணுக்கத்தைக் கைவசம் வைத்திருந்தது என்ற செய்தியை நான் விட்டுவிட விரும்பவில்லை.

பிரிஸ்டல் குழு கல்கத்தாவில் பறந்து காட்டியது. ஓட்டியவர் ஹென்றி ஜூலியரோ என்ற பிரெஞ்சுக்காரர். அப்போது கல்கத்தாவில் பணியில் இருந்த பீரங்கிப்படை அதிகாரி கேப்டன் செஃப்டன் பிராங்கர் இந்த விமானத்தின் மேல் மோகம் கொண்டார். ஔரங்காபாத்தில் நடக்கவிருந்த தக்காணக் குதிரைப்படைப் பயிற்சிக்கு அது போய்ச் சேர்ந்தது. நோட்டம் பார்ப்பவராகப் பிராங்கர் ஜூலியரோவின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். எதிர்த்தரப்புப் படை எங்கே இருக்கிறது என்று பார்த்துவந்து சொல்வதுதான் வேலை. பார்த்தார், வந்தார், சொன்னார்.

அந்த மூன்று சொற்களுக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஔரங்காபாத் கடல் மட்டத்திலிருந்து 570 மீட்டர் அளவு உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று கடற்கரையைவிட மெலிது. வெயில் ஏறினால் இன்னும் மெலியும். 50 குதிரைத் திறனில் இரண்டு பேரைத் தூக்க வேண்டிய இன்ஜினுக்கு அந்த மெலிவு ஒரு கூடுதல் சுமை. இறக்கைக்கும் அதே காற்றுதான் ஆதாரம். விமானத்தின் உச்ச வேகம் மணிக்கு 64 கிலோமீட்டர். எதிர்க்காற்று மணிக்கு இருபது வீசினால் தரையை நோக்க நாற்பத்து நாலுதான். தக்காணத்தின் கரம்பும் கல்லும் நிறைந்த வெளியில் இறங்கவும் வேண்டும். வானொலி இல்லாததால், பார்த்ததைச் சொல்லத் தளபதி இருக்கும் இடத்தின் பக்கத்திலேயே தரை தொட வேண்டும். அப்போதுதான் அந்தச் சறுக்குக் கட்டைகளின் அருமை தெரியும். இரண்டு நீண்ட ஆஷ் மரக்கட்டைகள். ஒவ்வொன்றோடும் ஒரு ஜோடிச் சிறு சக்கரங்கள், இரப்பர்க் கயிறுகளால் சுற்றிக் கட்டப்பட்டிருக்கும். மெதுவாக இறங்கினால் சக்கரம் உருளும். வேகமாக மோதினால் இரப்பர் இழுபட்டுச் சக்கரம் மேலே ஏறி, கட்டை தரையில் உரசிச் சறுக்கும். மோதலை இரப்பரும் மரமும் பங்கிட்டுக்கொள்ளும். ஓடுதளம் எதுவும் வேண்டாம். ஒரு விளையாட்டுத் திடல் அளவு வெட்டவெளி போதும். வேவு விமானத்துக்குக் கண் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் இந்தக் கால்களும். கண்டதைக் கொண்டுவந்து சேர்த்தால்தானே வேவு?

பிராங்கர் மேலிருந்து எதைக் கண்டிருப்பார் என்பதை நெய்வேலிக்காரர்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் நன்றாக ஊகிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பாக்ஸ்கைட் போன்றவை வழக்கமாகப் பறந்தது சில நூறு அடி உயரத்தில். எங்கள் சுரங்கத்தின் விளிம்பில் நின்றால் அடித்தளம் ஏறக்குறைய 100 மீட்டர், அதாவது முந்நூற்றுச் சொச்சம் அடி கீழே இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து கீழே பார்க்கும் கண்ணுக்கு மனிதர்கள் முதலில் தெரிய மாட்டார்கள். முதலில் தெரிவது புழுதி. சித்திரை மாதத்தில் சுரங்கப் பாதையில் ஒரு ஜீப் போனால் ஜீப்புக்கு முன்னால் அதன் புழுதிதான் கண்ணில் படும். புழுதியின் முனை எந்தப் பக்கம் கூர்மையாக இருக்கிறதோ அந்தப் பக்கம் வண்டி போகிறது. புழுதி அகன்றிருந்தால் வண்டிகள் ஒன்றுக்கு மேல். அடுத்தது நிழல். காலையிலும் மாலையிலும் கடலூர் மணற்கல்லின் சிவந்த படிகள் மேல் நடந்துபோகும் ஓர் ஆளைவிட அவருடைய நிழல் நீளமாகவும் கறுப்பாகவும் தெரியும். உச்சி வெயிலில் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும், ஆளும் மறைந்துவிடுவார். மூன்றாவது தடம். ஈர மண்ணில் புதிதாக விழுந்த சக்கரத்தடம் கறுத்துத் தெரியும், பழையது வெளுத்திருக்கும். குதிரைப்படை எங்கே போனது என்று தேடும் அதிகாரிக்கும் இந்த மூன்றுதான் எழுத்துக்கள்: புழுதி, நிழல், தடம். தரையில் குதிரை மேல் வரும் வேவுக்காரருக்கு அடுத்த மேடு பார்வையை மறைக்கும். முந்நூறு அடிக்கு மேலே மேடு என்பதே தட்டையாகிவிடுகிறது.

அப்படிப் பார்த்ததை அங்கேயே குறித்தாக வேண்டும். பின்னால் ஏழு சிலிண்டரும் சுழலும் இரைச்சல். முன்னால் தடையற்ற காற்று. முழு மரச்சட்டமும் நடுங்குகிறது. முழங்காலில் வைத்த தாளில் பென்சிலால் இரண்டு கோடு போடுவதே அந்த இருக்கையில் ஒரு தேர்ச்சி. பீரங்கிப்படை அதிகாரிகளுக்குத் தொலைவைக் கண்ணால் அளப்பது தொழில். பிராங்கர் அந்தப் படையிலிருந்து வந்தது பொருத்தமான தற்செயல்.

பிராங்கர் பிறகு பிரிட்டிஷ் விமானத் துறையில் உயர்ந்து, குடிமக்கள் விமானப் போக்குவரத்தின் தலைமை அதிகாரி ஆனார். 1930 அக்டோபர் 5 அன்று, ஆர் 101 என்ற பெரும் ஆகாயக் கப்பல் பிரான்சில் போவே நகருக்கு அருகே விழுந்து எரிந்தபோது அதில் அவரும் இறந்தார். அந்தக் கப்பல் புறப்பட்டது இந்தியாவுக்கு.

ஔரங்காபாத்துக்குப் பிந்தைய வேவு விமானங்களைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பிரிட்டிஷ் படை நம்பிய பி.இ.2 வகையில் இன்ஜின் மூக்குக்குப் போனது. நோட்டக்காரரை முன் இருக்கையில், மேல் இறக்கைக்கு அடியில், மரக்கால்களுக்கும் கம்பிகளுக்கும் நடுவே உட்கார வைத்தார்கள். விமானம் வேகமானது, தானாகவே நிலைத்து நின்றது, கைவிட்டாலும் நேராகப் போனது. பறப்பதற்கு எல்லாம் நல்லது. பார்க்க வேண்டியவருக்கு மட்டும் கீழே இறக்கை, மேலே இறக்கை, முன்னால் விசிறி. வேவுக்கென்று செய்த பொறியில் கண்ணின் இடத்தைக் கடைசியாக ஒதுக்கியது பெரிய பிழை என்றே நான் கருதுகிறேன். எஃப்.இ.2பி போன்ற விமானங்களில் இன்ஜினை மறுபடியும் பின்னால் கொண்டுபோய் நோட்டக்காரரை முனையிலேயே உட்கார வைத்தபோது பழைய பாக்ஸ்கைட்டின் பார்வை திரும்ப வந்தது.

இந்தியாவில் இராணுவத்துக்கான பறப்புப் பள்ளி முதல் உலகப் போருக்குச் சற்று முன், ஐக்கிய மாகாணத்தின் சீதாப்பூரில், கேப்டன் மாஸி தலைமையில் தொடங்கப்பட்டது. போர் வெடித்ததும் அந்த அதிகாரிகளில் சிலர் 1914 நவம்பரில் எகிப்துக்குப் போய், சூயஸ் கால்வாயை நோக்கித் துருக்கியப் படை வருகிறதா என்று சினாய் பாலைவனத்தின் மேல் பார்த்தார்கள். அவர்கள் பெரும்பாலும் ஓட்டியது ஃபார்மன் வகை, பாக்ஸ்கைட்டின் நெருங்கிய உறவு. சீதாப்பூர்க்காரர்களில் ஒருவரான ரைலி, அடுத்த ஆண்டு மெசபொட்டேமியாவுக்குப் போனார். 1915 நவம்பர் 21 அன்று, டெசிபோன் போருக்கு முந்தைய நாள், எதிரிக்குப் புதிய துருப்புகள் வந்து சேர்ந்திருப்பதை மேலிருந்து கண்டு வரைபடத்தில் குறித்துக்கொண்டார். திரும்பும் முன் அவருடைய விமானம் சுடப்பட்டுத் தரையிறங்கியது, அவர் சிறைப்பட்டார். அந்த வரைபடம் துருக்கியர் கையில் கிடைத்தது. ஜெனரல் டவுன்ஷெண்டின் இந்தியப் படைகள் அந்தச் செய்தி தெரியாமலேயே மறுநாள் தாக்கின. பெரும் இழப்போடு பின்வாங்கின. மேலிருந்து சரியாகப் பார்த்த ஒரு கண், சரியாகக் குறித்த ஒரு பென்சில். விமானம் திரும்பி வந்து சேராததால் இரண்டும் வீணாயின. இந்த நிகழ்ச்சியை நினைக்கும்போதெல்லாம் பாக்ஸ்கைட்டின் இரப்பர்க் கயிறுகள் மேல் எனக்கு மதிப்புக் கூடுகிறது.

கடல் பக்கத்திலும் ஒரு வரலாறு உண்டு. 1917 பிப்ரவரியில் வோல்ஃப் என்ற ஜெர்மானியக் கப்பல் கொழும்புக்கு வெளியே கண்ணிவெடிகளை இட்டது. அதே மாதம் வோர்செஸ்டர்ஷயர், பெர்சியுஸ் ஆகிய இரண்டு கப்பல்கள் அவற்றில் மோதி மூழ்கின. சரக்குக் கப்பல் போல வேடமிட்ட அந்த வோல்ஃப், தன்னோடு வோல்ஃப்கென், அதாவது ஓநாய்க்குட்டி, என்ற மிதவை விமானத்தையும் சுமந்து திரிந்தது. இறக்கைகளைக் கழற்றி ஒளித்து வைப்பார்கள். தேவைப்பட்டால் பூட்டி, கடலில் இறக்கி, வழியில் கப்பல்கள் உண்டா என்று பார்த்துவரச் சொல்வார்கள். மரக்கப்பலுக்குப் பாய்மரத்தின் உச்சியில் ஏறிய ஆள் செய்த வேலையை இரண்டு மிதவைகளும் ஒரு பென்ஸ் இன்ஜினும் செய்தன. வோல்ஃபைத் தேட ஆங்கிலேயர் அனுப்பிய ரேவன் 2 என்ற கப்பலும் மிதவை விமானங்களோடு இந்தியப் பெருங்கடலில் அலைந்தது. மாலத்தீவு ஒன்றின் மேல் போன அதன் விமானம் வழி தவறித் தீவுக்கூட்டத்துக்குள் இறங்கிவிட, ஓட்டுநரும் நோட்டக்காரரும் மாலத்தீவு மீனவர்களின் உதவியால் உயிர் பிழைத்தார்கள். ஆழ்கடலின் மேல் புழுதியும் இல்லை, தடமும் இல்லை. கப்பலின் புகை ஒன்றுதான் அடையாளம்.

பாக்ஸ்கைட்டை இன்றும் பறக்கப் பார்க்கலாம். 1965இல் வந்த ஓர் ஆங்கிலத் திரைப்படத்துக்காக மூன்று பிரதிகள் செய்தார்கள். ஒன்று பிரிஸ்டல் நகர அருங்காட்சியகத்தின் கூரையிலிருந்து தொங்குகிறது. இன்னொன்று இங்கிலாந்தின் ஓல்டு வார்டனில், ஷட்டில்வர்த் தொகுப்பில் இருக்கிறது. காற்று அசையாத மாலைகளில் மட்டும் அதை வெளியே தள்ளி வந்து பறக்க விடுகிறார்கள். அதன் காணொளிகள் எளிதாகக் கிடைக்கும். பார்க்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஓசையை நம்பாதீர்கள், அதில் இருப்பது புதிய கான்டினென்டல் இன்ஜின், க்னோமின் குரல் வேறு. கண்ணை முன்னால் நீண்டிருக்கும் உயர்த்தும் பலகை மேல் வையுங்கள். தரையை நெருங்கும்போது ஓட்டுநர் அதை எவ்வளவு சிறிதாக, எத்தனை முறை அசைக்கிறார் என்று பாருங்கள். பிறகு சக்கரங்கள் தரையைத் தொடும் அந்த நொடியில் காணொளியை நிறுத்தி, இரப்பர்க் கயிறு எவ்வளவு நீள்கிறது என்று பாருங்கள்.